மாத்திரைச் செலவைக் குறைக்கணுமா? அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள் முதலில் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பிராண்டு பெயரை விடுங்கள். 'மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு 500 மி.கி., எஸ்ஆர்' என்பதுபோல ஒரு வரி இருக்கும், அதுதான் மருந்து. பிராண்டு பெயரைவிட இதைப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018 முதல் விதியே இருக்கிறது. விலை குறைந்த மாத்திரைக்கு மாறும்போது அதிலும் பெயர், அளவு, எஸ்ஆர் மூன்றும் பொருந்த வேண்டும். எஸ்ஆர் என்றால் மெதுவாகக் கரைவது, அது இல்லாத மாத்திரை அதற்கு ஈடாகாது.

அப்புறம் அந்தப் பெயரை 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் தேடுங்கள். ஜன் ஔஷதி என்பது மத்திய அரசின் மலிவு விலை மருந்துக் கடைத் திட்டம், செயலியில் அங்குள்ள விலையும் பக்கத்துக் கடையும் தெரியும். தமிழ்நாட்டில் என்றால் மாநில அரசு 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் கேட்கலாம். இங்கெல்லாம் கிடைப்பது ஜெனரிக், அதாவது பிராண்டு பெயர் இல்லாமல் மருந்துப் பெயரிலேயே விற்கும் அதே மருந்து.

தரம் எப்படியோ என்ற சந்தேகம் வரும். 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டும்தான் தந்தது. 2005 வரை அப்படித்தான். அதனால் ஒரே மருந்தை இங்கே பல கம்பெனிகள் தயாரிக்கப் பழகின. நீங்கள் இப்போது சாப்பிடும் 'நல்ல கம்பெனி' மாத்திரையும் அநேகமாகப் பிராண்டு பெயர் வைத்த ஜெனரிக்தான்.

சரி, மெடிக்கலில் "இதுவும் ஜெனரிக்தான் சார்" என்று ஒன்றை நீட்டினால்? இங்கேதான் கவனம் வேண்டும். சில ஜெனரிக் அட்டைகளில் பிராண்டுக்கு நெருக்கமான விலையையே அச்சிட்டிருப்பார்கள், கடைக்காரர் வாங்கும் விலையோ அதில் சிறு பங்கு. பத்து சதவீதம் தள்ளுபடி தந்தாலும் மிச்ச லாபம் அவருக்குத்தான். அச்சிட்ட விலையில் எவ்வளவு கழிவு என்று பார்க்காதீர்கள், ஒரு மாத்திரை என்ன விலைக்கு விழுகிறது என்று கணக்குப் போட்டு ஜன் ஔஷதி விலையோடு ஒப்பிடுங்கள்.

டாக்டர் சீட்டில் பிராண்டு பெயர் இருந்தால், ஷெட்யூல் எச் மருந்துகளை (சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை) கடைக்காரர் தானாக மாற்றித் தரச் சட்டத்தில் இடமில்லை. எனவே டாக்டரிடமே "மருந்துப் பெயரில் எழுதிக் கொடுங்க டாக்டர், ஜன் ஔஷதியில் வாங்கிக்கிறேன்" என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள்.

தைராய்டு, வலிப்பு மாத்திரைகள், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், இவற்றை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றவே கூடாது. அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் இவற்றில் வித்தியாசம் காட்டும். மாற்றினால் ரத்தப் பரிசோதனை எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஜன் ஔஷதி போன்ற கடைகளில் சில நேரம் ஸ்டாக் இருக்காது. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய்விடுங்கள்.