ஆடிஷனில் வேண்டாம் என்றபோது நான் செய்தது

விளம்பர மாடல் ஆடிஷனுக்காக ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ராத்திரி ரயில் ஏறி சென்னை போய் நின்றால், "போட்டோவில் வேற மாதிரி இருந்தீங்களே" என்று திருப்பி அனுப்பினார்கள், மனசே விட்டுப்போனது. ஆல்பம் போட்ட ஸ்டுடியோ என் முகத்தை அப்படி வெளுப்பாக்கியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, காலையில் வெயில் ஏறுவதற்குள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் முன்னால் மேக்கப் இல்லாமல், உடம்போடு ஒட்டிய கருப்பு டீ-ஷர்ட்டில், நேர்முகம், இரண்டு பக்கம், முழு உருவம் என்று தங்கையை ஃபோனின் பின்கேமராவில் கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கச் சொன்னேன். ஃபில்டர் கிடையவே கிடையாது. உயரத்தையும் செருப்பில்லாமல் அளந்து எழுதி அனுப்புகிறேன்.

இப்போது வேண்டாம் என்பவர்கள் நான் ஊரில் இருக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள், ரயில் காசும் மிச்சம். என்ன கேட்டிருந்தார்கள் என்று மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வேன். உயரமான ஆள்தான் வேண்டும் என்றால் அது என் கையில் இல்லை, சரி என்று அடுத்ததற்கு அனுப்புவேன். போன மாதம் ஒரு கைத்தறிச் சேலை விளம்பரத்துக்கு என் கறுப்பு நிறத்தைக் கேட்டுத்தான் கூப்பிட்டார்கள்.