பழைய ஆங்கிலேயத் தட்டு வாங்கும் முன்

வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவல் காட்சிகள் அச்சிட்ட வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலேயப் பீங்கான் நிறுவனத்தின் தட்டு போன்ற விக்டோரியா காலப் பொருள் கையில் கிடைத்தால், முதலில் அதன் விளிம்பைப் பாருங்கள். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் எடுத்து, அந்தத் தாளைத் தட்டின்மேல் அழுத்தித் தேய்த்துத்தான் அச்சு இறக்கினார்கள். அதனால் விளிம்பில் தாளின் முனைகள் சேரும் இடத்தில் பூவோ கொடியோ சட்டென்று வெட்டுப்பட்டு நிற்கும். அதைக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அச்சை ஒட்டியவரின் கை தெரியும் இடம் அதுதான், எனக்கு மிகவும் பிடித்த இடமும்கூட.

அப்புறம் தட்டைத் திருப்புங்கள். சாய்சதுர முத்திரை இருந்தால், அந்த வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவானது. தட்டு அதற்குப் பல வருடம் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். 1884 முதல் பதிவு எண் மட்டும்தான். 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது.

மேற்பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தால் பிளீச்சில் ஊறப்போடவே வேண்டாம். உள்ளே இறங்கிப் பூச்சையே உரித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.