பேர் கேட்காமல் எடுத்த படம்: வறுமையைப் படம் பிடிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

1936-ன் தொடக்கம். அமெரிக்காவைப் பெருமந்தம் என்ற பெரும் பொருளாதார வீழ்ச்சி பிழிந்துகொண்டிருந்த நேரம். கலிஃபோர்னியாவில் அரசு வேலையாக ஒரு மாதம் அலைந்து படமெடுத்த புகைப்படக்காரர் டோரதியா லாங், காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். மழை. நிபோமோ என்ற ஊருக்குப் பக்கத்தில், பட்டாணி பறிப்பவர்களின் முகாம் என்று ஒரு பலகை கண்ணில் பட்டது. தாண்டிப் போய்விட்டார். இருபது மைல் போன பிறகும் மனசு கேட்கவில்லை, வண்டியைத் திருப்பினார். பனியில் பட்டாணிப் பயிர் கருகி, பறிக்க எதுவுமில்லாமல் ஜனங்கள் முடங்கிக் கிடந்த இடம் அது. கித்தான் கூடாரத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைத் தள்ளி நின்று எடுக்க ஆரம்பித்தவர், ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போனார். பத்தே நிமிடம். 'மைக்ரன்ட் மதர்' (பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்த தாய்) என்று உலகமே அறிந்த படம் கிடைத்துவிட்டது.

பேரை மட்டும் கேட்கவில்லை. அவருடைய கதையையும் கேட்கவில்லை. 1960-ல் லாங் தானே இப்படித்தான் எழுதினார். வயது 32 என்று அந்தப் பெண் சொன்னது நினைவிருந்தது. சாப்பாட்டுக்காகக் கார் டயர்களை இப்போதுதான் விற்றார்கள் என்பதும் நினைவிருந்தது.

நாற்பது வருடம் கழித்து, 1978-ல், ஒரு செய்தித்தாள் நிருபர் தேடிப் போன பிறகுதான் அவருக்கு ஒரு பேர் கிடைத்தது: ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். செரோக்கி இனப் பெண். அதுவரை அந்த முகத்தை ஊர் உலகமெல்லாம் பிழைப்புத் தேடி வந்த வெள்ளைக்கார விவசாயக் குடும்பத்தின் முகமாகவே பார்த்துவந்தது. டயர் கதையைக் குடும்பம் ஒத்துக்கொள்ளவே இல்லை. கார் பழுதாகி நின்றது, சரிசெய்ய ஆண்கள் டவுனுக்குப் போயிருந்தார்கள், விற்பதற்கு எங்களிடம் ஏது டயர் என்றார்கள். வேறு யாரோ சொன்னதை லாங் இவர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கலாம்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. லாங் அசட்டையான ஆள் இல்லை. யார், எந்த ஊர், என்ன கூலி என்று ஜனங்கள் பேசிய வார்த்தையிலேயே குறிப்பு எழுதும் வழக்கம் அவருக்கு. அவருக்கே ஒரு நாள் நோட்டுப் புத்தகம் திறக்கவில்லை. நமக்கெல்லாம் எல்லா நாளும் அப்படித்தான் போகிறது. லென்ஸ் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். கூடப் பேனா எடுத்துப் போனாயா என்று கேட்டால் பதில் இருக்காது.

ஆகவே முதல் தவறு, கையில் கேமரா மட்டும் இருப்பது. பேர், தேதி, இடம், என்ன வேலை பார்த்தார், அந்த வேலை எப்போது போனது, அவர் சொன்னதில் ஒரு வரியாவது அப்படியே. சொன்ன பேரைத் திருப்பிப் படித்துக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். வெளியே போடக் கூடாத பேர் என்றால் போடாதீர்கள், குறித்து வைப்பதில் தவறில்லை. 'ஒரு ஏழைத் தாய்' என்று எழுதுவது அடக்கம் கிடையாது. கேட்கவில்லை என்பதற்கு நாம் போட்டுக்கொள்ளும் அலங்காரம்.

படத்துக்குக் கீழே எழுதும் வரி

படம் பொய் சொல்லாவிட்டாலும் கீழே இருக்கும் வரி சொல்லிவிடும். 1937-ல் மார்கரெட் போர்க்-வைட் எடுத்த படம் ஒன்று. கையில் வாளியும் கூடையுமாகக் கறுப்பின மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே பிரமாண்டமான விளம்பரப் பலகை. அதில் காரில் சிரித்துக்கொண்டு போகும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், நாய் உட்பட. உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம் நம்முடையது என்று பலகை பெருமையடிக்கிறது. பெருமந்த காலத்து வேலையில்லாதோர் வரிசை என்று இதை எத்தனையோ இடத்தில் போட்டுவிட்டார்கள், இன்னமும் போடுகிறார்கள். உண்மையில் அது கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், ஒஹாயோ ஆற்று வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் நிவாரணத்துக்கு நின்ற வரிசை. அவர்களும் ஏழைகளாக இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். இருந்திருக்கலாம்தான். ஆனால் வெள்ளம் என்ற சொல்லை எடுத்துவிட்டால் அது வேறு செய்தி. பார்க்கிறவர் வேறு காரணத்தை நம்பிவிட்டுப் போவார்.

அதே ஆண்டு வெளியான ஒரு புத்தகத்தில் போர்க்-வைட்டும் அவரோடு பயணம் செய்த எழுத்தாளரும் இன்னொன்று செய்தார்கள். தென் மாநிலக் குத்தகை விவசாயிகளின் படங்களுக்குக் கீழே அந்த மக்களே பேசுவதுபோல வரிகள். எல்லாம் இவர்களாக எழுதியவை. முன்குறிப்பில் அதை ஒளிக்காமல் சொல்லியும்விட்டார்கள். முன்குறிப்பை யார் படிக்கிறார்கள்? படத்தில் இருப்பவர் சொல்லாததை அவர் வாயில் திணிக்காதீர்கள். 'நம்பிக்கை இழந்த கண்கள்' என்பதும் அந்த ரகம்தான். அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கலாம்.

மண்டையோட்டை நகர்த்தியவர்

1936 மே மாதம் தெற்கு டகோட்டாவில் ஆர்தர் ராத்ஸ்டைன் ஒரு மாட்டு மண்டையோட்டைப் பார்த்தார். வெடித்துக் கிடந்த நிலத்தில் வைத்து எடுத்தார். வெளிச்சமும் நிழலும் சரியாக விழட்டும் என்று சில அடி நகர்த்திப் புல்லில் வைத்தும் எடுத்தார். சின்ன வேலை. ஆனால் அது தேர்தல் ஆண்டு. அவர் படமெடுத்தது அதிபர் ரூஸ்வெல்ட் அரசின் மறுகுடியமர்வுத் துறைக்காக. அடுத்து வந்த மாதங்களில் எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் இதைக் கையிலெடுத்து, வறட்சிப் படங்கள் எல்லாமே ஜோடனை என்று கிளப்பிவிட்டன. வறட்சி நிஜம், மண் பறந்தது நிஜம், மாடுகள் செத்தது நிஜம். நகர்த்திய அந்தச் சில அடி, அத்தனையையும் சந்தேகத்துக்கு இடமாக்கிவிட்டது.

இதை வைத்து 'போஸ் கொடுக்கவே விடக்கூடாது' என்று சட்டம் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் கேமராவைப் பார்த்து, தனக்குப் பிடித்த மாதிரி நின்று, தலைவாரிக்கொண்டு எடுத்துக்கொள்ளும் படம் அவருடைய உரிமை. அது போர்ட்ரெய்ட், பார்த்தாலே தெரியும். தட்டைக் காலி செய்யச் சொல்வது, நல்ல சட்டையைக் கழற்றச் சொல்வது, சிரிக்கிற குழந்தையைச் சும்மா இருக்கச் சொல்வது, இதெல்லாம்தான் மண்டையோட்டை நகர்த்துவது.

கார்டன் பார்க்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 1942-ல் வாஷிங்டனில் அரசு அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் எலா வாட்சன் என்ற பெண்ணை, தேசியக் கொடிக்கு முன்னால், ஒரு கையில் துடைப்பமும் பக்கத்தில் மாப்பும் இருக்க நிறுத்தி எடுத்தார். முழுக்க முழுக்க நிறுத்தி எடுத்த படம், அதை அவர் மறைக்கவும் இல்லை. படத்தைப் பார்த்து ஆடிப்போன அவருடைய மேலாளர் ராய் ஸ்ட்ரைக்கர், அந்தப் பெண்ணோடு இன்னும் வேலை செய் என்றார். பார்க்ஸ் செய்தார். வாரக்கணக்கில் அவர் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் கூடவே போய், பேரக் குழந்தைகளோடு, சாப்பாட்டு மேஜையில், ஜெபத்தில் என்று எடுத்துச் சேர்த்தார். கொடிப்படம் புகழடைந்தது. எனக்கு மற்ற படங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அவற்றில் வாட்சன் ஒரு சின்னமாக இல்லை, குடும்பத்தை நடத்துகிற ஒரு பெண்ணாக இருக்கிறார்.

ஒரே நாளில் போய், ஒரே நாளில் எடுத்து, ஒரே நாளில் ஏற்றிவிடுவது அடுத்த தவறு என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகும்போது கிடைப்பது, நாம் ஏற்கெனவே மனசில் வைத்திருந்த படம்தான்.

தொழில்நுட்பத்தில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நின்றுகொண்டு உட்கார்ந்திருப்பவரை மேலிருந்து எடுக்காதீர்கள், குனியுங்கள், முடிந்தால் தரையில் உட்காருங்கள். வைட் லென்ஸை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்கும் கையும் கோரமாகும். கறுப்பு வெள்ளையாக மாற்றி, கான்ட்ராஸ்டை ஏற்றி, சுருக்கத்தையெல்லாம் உழுத நிலம் மாதிரி ஆக்குவது பழைய வித்தை. அந்த வீட்டுச் சுவர் பளிச்சென்ற நீலமாக இருந்தால் அது நீலமாகவே இருக்கட்டும். இருட்டு அறைக்குள் கேட்காமல் ஃப்ளாஷ் அடிக்க வேண்டாம். 1880-களில் நியூயார்க் குடியிருப்புகளுக்குள் ராத்திரியில் புகுந்து வெடிமருந்து ஃப்ளாஷால் எடுத்த ஜேக்கப் ரீஸ், இரண்டு தடவை வீட்டுக்கும் ஒரு தடவை தனக்கும் தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது பதிவாகவில்லை.

ஃப்ரேமுக்கு வெளியே போனவர்

வறுமைப் படங்களில் ஏழை மட்டும்தான் இருப்பார். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்று நினைக்கிறேன், இதைத்தான் யாரும் தவறாகவே எண்ணுவதில்லை. வறுமை மழைபோல வானத்திலிருந்து விழுந்த மாதிரி, காரணம் இல்லாமல், சுவரோரமாக உட்கார்ந்திருக்கும்.

லாங் 1936-ல் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் அருகே எடுத்த படம் ஒன்றைப் பாருங்கள். கடை வாசலில் கார் நிற்கிறது. அதன் பம்பர்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பருத்த உடம்போடு நிற்கிறார் வெள்ளைக்காரப் பண்ணைக்காரர். அவருக்குப் பின்னால், கடைப் படியில், கறுப்பின உழைப்பாளிகள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். கார் யாருடையது, யார் கால் எங்கே இருக்கிறது, யார் நடுவில், யார் ஓரத்தில்: அந்த ஊரின் பொருளாதாரமே ஒரு ஃப்ரேமில் வந்துவிட்டது. 1938-ல் ஒரு நூலில் இதையே வெட்டிப் போட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் போய்விட, பண்ணைக்காரர் மட்டும் மிஞ்சினார். பார்ப்பவருக்கு அவர் சுதந்திரமான, கம்பீரமான ஒரு அமெரிக்க மனிதர். ஒரு கத்தரி வெட்டில் படத்தின் அர்த்தம் தலைகீழானது.

நம் வேலையில் இந்த வெட்டு கண்ணிலேயே நடந்துவிடுகிறது. வேலை போனவரின் முகத்தை எடுக்கிறோம், பூட்டிய ஆலைக் கதவில் ஒட்டிய நோட்டீஸை எடுப்பதில்லை. காலி அலமாரியை எடுக்கிறோம், அதற்குப் பக்கத்தில் ஆணியில் செருகியிருக்கும் வட்டிச் சீட்டை எடுப்பதில்லை. வாடகை ரசீது, சம்பளப் பாக்கிக் கணக்கு எழுதிய நோட்டு, வங்கியிலிருந்து வந்த கடிதம், ஏலப் பலகை, இவையெல்லாம் அழகான படங்கள் ஆகாது. ஆனால் இவை இல்லாவிட்டால் பார்ப்பவர் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

என் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. ஆலை மூடி நாலு மாதம் ஆகியிருந்த ஒரு வீடு. அடுப்படியில் கவிழ்த்து வைத்த பாத்திரங்களின் மேல் ஜன்னல் வெளிச்சம் அப்படி ஒரு அழகாக விழுந்தது. பத்துப் பதினைந்து படம் எடுத்திருப்பேன். அந்த அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அதையே ஏன் தம்பி எடுக்கிறீங்க? பாத்திரம் கழுவிக் கவுத்தா எல்லா வீட்லயும் அப்படித்தானே இருக்கும்" என்றார். கூடத்துச் சுவரில் மகள் பள்ளியில் வாங்கிய கோப்பை ஒன்று இருந்தது, அதன் கைப்பிடியில் தையல் மிஷின் சாவியை மாட்டியிருந்தார். அந்த மிஷினில்தான் அந்த நாலு மாதமும் வீடு ஓடியது. நான் அதைப் பார்க்கவே இல்லை. காலி என்று நினைத்த இடத்தில் காலியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

'சரி' என்றால் சரியா?

பசியோடு இருப்பவர் 'எடுத்துக்கோங்க' என்று சொல்வதை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்வது ஆபத்து. நம்மை அதிகாரி என்று நினைத்திருக்கலாம், உதவி வரும் என்று நம்பியிருக்கலாம். படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், காசு வருமா வராதா என்பதை எடுப்பதற்கு முன்னால் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வராது என்றால் வராது. நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் சொல்லலாம் என்று நம் எண்ணையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். இலவச உணவு வரிசையில் முகம் தெரியாமலும் படம் நிற்கும்: கைகள், தட்டுகள், வரிசையின் நீளம். குழந்தையின் முகத்தோடு பள்ளியின் பேரோ தெருப் பலகையோ சேர்ந்து வந்தால் அதைப் போடாதீர்கள். ஃபோனில் எடுத்த படத்துக்குள் இடக்குறி பதிந்திருக்கும். கடன்காரனுக்குப் பயந்து ஒளிந்திருப்பவரின் வீட்டு வாசலை அது காட்டிக்கொடுத்துவிடும். ஏற்றும் முன் நீக்க வேண்டும்.

எடுத்த பிறகு தேர்ந்தெடுப்பதிலும் ஒரு வலை இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் காகிதம் குத்தும் கருவியால் ஓட்டை போட்டுவிடுவார். அவர் நடத்திய அரசுப் புகைப்படத் திட்டத்தின் சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. ஓட்டை விழுந்தவற்றை அச்சிட்டால் சிலரின் முகத்தின்மேல், சிலரின் வயலின்மேல், கன்னங்கரேலென்று ஒரு வட்டம். நாம் ஓட்டை போடுவதில்லை, சிரிக்கும் படங்களைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறோம்.

பிரதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாதது கடைசி. சின்னதாகத் தோன்றும். 1978-ல் தாம்சன் பேசியபோது அவர் ஆத்திரம் சுற்றி நின்றது இதில்தான்: லாங் பேரைக் கேட்கவில்லை, விற்க மாட்டேன் என்றார், ஒரு காப்பி அனுப்புகிறேன் என்றார், அனுப்பவே இல்லை. லாங்கும் அதில் காசு பார்க்கவில்லை, படம் அரசாங்கத்தின் சொத்து. 1936-ல் செய்தி வெளியானதும் அந்த முகாமுக்கு அரசு 20,000 பவுண்டு எடையுள்ள உணவு அனுப்பியது. அது வந்து சேர்ந்தபோது தாம்சன் குடும்பம் வேறு வயலைத் தேடிப் போயிருந்தது.

1983-ல் அவர் நோயில் விழுந்தபோது, மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் பொதுமக்களிடம் கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் டாலர்கள் வந்தன, அந்தப் படம் தங்களுக்கு என்னவாக இருந்தது என்று எழுதிய கடிதங்களும் வந்தன. அதைப் படித்த பிறகே அந்தப் படத்தின்மேல் இருந்த கசப்பு பிள்ளைகளுக்குக் குறைந்தது. அவரது கல்லறைக் கல்லில் 'மைக்ரன்ட் மதர்' என்ற சொற்களும் இருக்கின்றன. அதற்கு மேலே அவருடைய பேர் இருக்கிறது.