பந்திங்கில் மேடை போடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வரி, பாட்டு உரிமை, வெளிநாட்டுப் பாடகர்

ஆடித் திருவிழா நெருங்கும்போது மலேசியாவின் பந்திங், கேரித்தீவு பக்கத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் இசைத்தொழில் செய்திகள் சுற்ற ஆரம்பிக்கும். கேளிக்கை வரியைக் குறைத்துவிட்டார்களாம். சினிமாப் பாட்டை மேடையில் பாடினால் வழக்காம். இந்தியப் பாடகர்களுக்கு இனி விசாவே வேண்டாமாம். பெரும்பாலும் செய்தி பொய்யில்லை. அது எந்த ஊருக்குப் பொருந்தும், செலவு யார் தலையில் விழும் என்று பார்க்காமல் கணக்குப் போடுவதால்தான் கோயில் நிர்வாகமும் இசைக்குழுவும் கடைசி வாரத்தில் திண்டாடுகின்றன.

முதலில் வரி. 2024 பட்ஜெட்டில் அறிவித்த கேளிக்கை வரிக் குறைப்பு கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் என்ற கூட்டரசுப் பிரதேசங்களுக்கானது. சிலாங்கூர் போன்ற மாநிலங்களில் 1953-ஆம் ஆண்டுக் கேளிக்கை வரிச் சட்டப்படி இந்த வரி மாநில அரசுக்குப் போகிறது. 25 விழுக்காடு வரை வசூலிக்க அதில் இடமுண்டு. பந்திங் சிலாங்கூரில் இருக்கிறது. 40 வெள்ளி (ரிங்கிட்) டிக்கெட் 400 விற்றால் 16,000 வெள்ளி. அதில் 25 விழுக்காடு என்றால் 4,000 வெள்ளி. தலைநகரச் செய்தியை நம்பி இந்த வரியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், பின்னால் உண்டியலைத்தான் உடைக்க வேண்டும். கோயில் நிதி, பள்ளி நிதி என்றால் விலக்குக் கேட்கலாம். டிக்கெட் அச்சுக்குப் போகுமுன் எழுத்தில் கேளுங்கள். விற்று முடித்த பிறகு கேட்பதில் பலனில்லை.

“டிக்கெட்டே இல்லை, இலவசம்தானே” என்பது இன்னொரு தவறு. வரி வேறு, உரிமம் வேறு. சிலாங்கூரின் 1995-ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டப்படி இலவச நிகழ்ச்சியானாலும் உரிமம் பற்றிக் கோல லங்காட் நகராண்மைக் கழகத்தில் கேட்டே ஆகவேண்டும்.

அதிகம் குழம்புவது பாட்டு உரிமையில்தான். 2017-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து, அவர் பாட்டுகளை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்று வக்கீல் நோட்டீஸ் போனது. அந்தச் செய்தியைப் படித்த பலர், பாடகர்தான் பொறுப்பு என்று முடிவுகட்டினார்கள். வேறு சிலர் அது இந்திய விவகாரம், நமக்கென்ன என்று விட்டுவிட்டார்கள். இரண்டும் தவறு. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. மேடை நிகழ்ச்சிக்கு உரிமம் எடுப்பது வழக்கமாக ஏற்பாட்டாளரின் வேலை. இசைக்குழுவோடு போடும் ஒப்பந்தத்தில் அதை ஒரே வரியில் எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

யாரிடம் எடுப்பது? ஒரு பாட்டில் மூன்று உரிமைகள் இருக்கின்றன. இசையமைப்பாளர், பாடலாசிரியர், பதிப்பாளர் சார்பில் வசூலிப்பது எம்.ஏ.சி.பி. (MACP) என்ற அமைப்பு. ஒலிப்பதிவு நிறுவனங்களுக்குப் பி.பி.எம். பதிவில் பாடிய, வாசித்த கலைஞர்களுக்கு ஆர்.பி.எம். குழுவினர் நேரடியாக வாசித்துப் பாடினால் எம்.ஏ.சி.பி.யோடு முடிந்துவிடும். ஆனால் கூட்டம் சேரும்வரை பென்டிரைவில் அசல் சினிமாப் பாட்டைப் போடுகிறோமே, அங்கே மற்ற இரண்டும் வந்துவிடும். இடைவேளையில் பிள்ளைகள் ஆடும் நடனத்துக்கு ஓடும் பாட்டும் அப்படித்தான். இந்தச் சில்லறை நேரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. பணம் கட்டுமுன், உரிமம் தருவதாகச் சொல்லும் அமைப்பு மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாடல் பட்டியலை எழுதும் விதமும் முக்கியம். “ராஜா சார் பாட்டு 6, ரஹ்மான் 4, குத்துப்பாட்டு 3” என்று ஒரு தாளில் எழுதி எம்.ஏ.சி.பி.யிடம் கொடுத்தால், உரிமத்துக்குக் கட்டிய பணம் யாருக்குப் போய்ச் சேரும்? வரிசைக்கு ஒரு பாட்டு: முதல் அடி, படம் அல்லது தொகுப்பு, இசையமைப்பாளர், பாடலாசிரியர், எத்தனை முறை பாடினோம். உள்ளூர்க் கவிஞர் எழுதிய அம்மன் பாட்டும் அதில் இருக்கட்டும். அவர் எம்.ஏ.சி.பி.யில் உறுப்பினராகித் தன் பாட்டைப் பதிவு செய்திருந்தால், நம் ஊர் மேடையில் பாடியதற்கு அவருக்கும் பங்கு வர வழி உண்டு. நம்மவர்களில் பலர் இந்த உரிமையைத் தெரியாமலே விட்டுவிடுவதுதான் வருத்தம்.

மண்டபத்துக்கு எடுத்த உரிமம் முகநூல் நேரலைக்குச் செல்லாது. அது தனி உரிமை. நேரலையில் பாதியில் ஒலி அடங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒலி மிக்சரைத் திட்டிப் பயனில்லை.

தமிழ்நாட்டிலிருந்து பாடகரை அழைப்பவர்கள் செய்யும் தவறு இன்னும் கனமானது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் வரலாம். சுற்றிப் பார்க்கவும் சொந்தக்காரர்களைச் சந்திக்கவும் தந்த வசதி அது. மேடையேறிச் சம்பளம் வாங்குவதற்கு அது போதாது. அதற்கு, வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளைப் பரிசீலிக்கும் அரசுக் குழுவான புஸ்பாலின் ஒப்புதல் வேண்டும், குடிநுழைவுத் துறையின் அனுமதியும் வேண்டும். அந்த அனுமதிக்கு முன்பே வருமான வரிச் சட்டத்தின் 109ஏ பிரிவுப்படி, கலைஞரின் ஊதியத்தில் 15 விழுக்காட்டை அழைப்பவர் பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். “கையில் 20,000 வெள்ளி வேண்டும்” என்று பாடகர் பேசியிருந்தால் 20,000-க்கு 15 விழுக்காடு கணக்கிடக்கூடாது. 20,000-ஐ 0.85-ஆல் வகுத்தால் மொத்த ஊதியம் ஏறக்குறைய 23,529 வெள்ளி, வரி 3,529. பேச்சிலேயே “வரிக்கு முன்னா, பின்னா” என்று கேட்டு எழுதிவிடுங்கள். ஒப்புதல் கைக்கு வருமுன் பதாகை அடிக்காதீர்கள், முன்பணத்தையும் முழுதாக அனுப்பாதீர்கள்.

2023 ஜூலையில் சிப்பாங்கில் ஓர் இசை விழா பாதியில் நின்றுபோன பிறகு, வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிகளில் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் சுவிட்ச் வேண்டும் என்று அரசு அறிவித்தது. அதற்காக ஜெனரேட்டரின் தலைச் சுவிட்சையே காட்டிவிடுவது ஆபத்து. அதை அணைத்தால் திடல் முழுக்க இருட்டாகும். பாட்டிகளும் கைக்குழந்தைகளும் இருக்கும் கூட்டத்தில் நெரிசல் வரும். மேடை ஒலி, ஒளி, எல்.இ.டி. திரை ஒரு வழியிலும், கூட்டத்தின் விளக்கும் வெளியேறும் வழியின் விளக்கும் வேறு வழியிலும் போக வேண்டும். துண்டிக்கும் சுவிட்ச் முதல் வழியில் மட்டும் இருக்கட்டும். நிகழ்ச்சிக்கு முன் ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.

சொந்தப் பாட்டு வெளியிடும் இளையவர்களுக்கு: ஸ்பாட்டிஃபை சின்னக் கலைஞர்களுக்குப் பணம் தருவதில்லை என்று பரவுவது அரைச் செய்தி. 2024 முதல் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ஒலிப்பதிவுப் பணம் சேரும். கணக்கு பாட்டுக்குப் பாட்டு. கலைஞரின் மொத்தக் கணக்கு அல்ல. ஒரே நாளில் பத்துப் பாட்டை இறக்கி ஒவ்வொன்றும் 300-இல் நிற்பதைவிட, ஒன்றை இறக்கி அதையே திருவிழா, திருமண மேடைகளில் பாடிப் பரப்புவது மேல். பாட்டை ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் ஏற்றித் தரும் விநியோகத் தளம் அனுப்பும் காசு பதிவுக்கான காசுதான். மெட்டுக்கும் பாடல் வரிக்கும் உரியது எம்.ஏ.சி.பி. வழியாக வர வேண்டும். ஆகவே பதிவு முடிந்த அன்றே, ஸ்டூடியோவை விட்டுக் கிளம்புமுன், ஒரு தாளில் மெட்டு யார், பாடல் வரி யார், யாருக்கு எத்தனை விழுக்காடு என்று 100 வரும்படி எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். மேடைப் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும்.