குழந்தையின் செக்கப்பில் நாம் சறுக்கும் இடங்கள்

“நாளைக்கு ஊசி போடப் போகணும்.” கைக்குழந்தை இருக்கும் வீட்டில் செக்கப்புக்கு இதுதான் பெயர். முதல் தவறு இந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. ஊசிக்கு அரை நிமிஷம் போதும். அதற்கு முன்னால் நடக்கும் பரிசோதனைதான் பெரிய வேலை. ஊசி இல்லாத மாதம் என்றால் செக்கப்பையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

எடையில்தான் அதிகம் ஏமாறுகிறோம். அழுகிறதே என்று டயப்பரோடு தராசில் படுக்க வைப்போம். முதல் மூன்று மாதங்களில் குழந்தை ஒரு நாளைக்கு ஏறுவதே சுமார் 25, 30 கிராம்தான். நனைந்த டயப்பர் 100 கிராம் இருந்தால், வளராத நாலு நாள் வளர்ச்சி கணக்கில் ஏறிவிடும். அதனால் துணி, டயப்பர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் அந்த வளர்ச்சி வரைபடம். அதில் 15 என்று பார்த்ததும் பரீட்சையில் ஃபெயில் ஆனதுபோல் முகம் வாடிவிடும். அதே வயதுள்ள 100 குழந்தைகளை நிறுத்தினால் 15 பேர் நம் குழந்தையைவிட எடை குறைவு, அவ்வளவுதான் அர்த்தம். தன் கோட்டை ஒட்டியே ஏறுகிற 15 நல்ல 15. போன தடவை 60இல் இருந்து இப்போது 15க்குச் சரிந்திருந்தால்தான் டாக்டர் யோசிப்பார். பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கே வேறு. இரண்டு மாதம் முன்னால் பிறந்திருந்தால், ஆறாம் மாதத்தில் அதன் வளர்ச்சியை நாலு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இப்படித்தான். தடுப்பூசிக்கு மட்டும் பொதுவாகப் பிறந்த தேதியே கணக்கு.

டாக்டர் இரண்டு தொடைகளையும் மடக்கி வெளிப்பக்கமாக விரிக்கும்போது பல பாட்டிகள் பதறுவார்கள். தடுக்க வேண்டாம். இடுப்பு மூட்டு நழுவியிருக்கிறதா என்று பார்க்கிறார். பிறந்த சில மாதங்களுக்குள் தெரிந்தால் பெரும்பாலும் கால்களை விரித்தபடி பிடித்து வைக்கும் வார்ப்பட்டை போட்டே சரிசெய்யலாம். நடக்க ஆரம்பித்த பிறகு தெரிந்தால் அறுவை சிகிச்சை வரை போகும்.

லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. ஒரு தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டாக்டர் சொல்லாமல், முன்கூட்டியே காய்ச்சல் மருந்து கொடுக்காதீர்கள். ஊசி போடும்போது பால் கொடுத்தால் வலி குறைவாகத் தெரியும். போட்ட பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள்.

“வேற ஏதாவது கேக்கணுமா?” என்று டாக்டர் கேட்பார். “ஒண்ணும் இல்ல டாக்டர்” என்போம். கேட்க நினைத்ததெல்லாம் வாசலுக்கு வந்ததும் ஞாபகம் வரும். வீட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத முடியாததை வீடியோ எடுங்கள். என் மகன் பிறந்த புதிதில் தூக்கத்தில் கையை வெட்டி வெட்டி இழுப்பான். முதல் தடவை அதை டாக்டருக்கு நடித்துக் காட்டினேன். அவருக்குச் சிரிப்புதான் வந்தது. அடுத்த தடவை இருபது வினாடி வீடியோ. பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “எழுப்பினா நின்னுடுதா?” உடனே நின்றுவிடுகிறது என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார்.