தட்டில் நீலம் பூக்க: கடல் சாமந்திப் புரதங்களை ஈ.கோலையில் வளர்க்கும் முறை

மண்டபத்திலோ கீழக்கரையிலோ கடலில் இறங்கிக் கடல் சாமந்தி பிடித்துவரத் தேவையில்லை, பிடிக்கவும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அதன் நிறப் புரதங்களின் மரபணு வரிசைகள் பொதுத் தரவு வங்கிகளில் இருக்கின்றன, பிளாஸ்மிடாகவே (பாக்டீரியாவுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையம்) வாங்கி ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றலாம். ஏஇ-ப்ளூ என்ற நீலப் புரதம், ஆக்டினியா ஈக்வைனா என்ற அட்லாண்டிக் கடல் சாமந்தியுடையது. அமில்சிபி என்ற இன்னொன்று அதன் பங்காளியான பவளத்துடையது. முதல் முயற்சிக்கு அமில்சிபியே நல்லது: அடர்நீலம், புற ஊதா விளக்கு இல்லாமல் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

மரபணு மாற்றிய பாக்டீரியா என்பதால் கல்லூரியின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் முதலில் அனுமதி வாங்குங்கள். வீட்டு அடுப்படியில் செய்யும் வேலை இல்லை இது.

பிளாஸ்மிடில் எப்போதும் இயங்கும் புரோமோட்டர் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) இருக்கட்டும். டி7 புரோமோட்டர் உள்ளதை வாங்கி டிஎச்5 ஆல்ஃபா என்ற ஈ.கோலை இனத்தில் போட்டால் கடைசிவரை வெள்ளைதான். அந்தப் புரோமோட்டரை இயக்கும் பாலிமரேஸ் நொதி அந்த இனத்தில் கிடையாது.

பாக்டீரியா வளர எல்பி என்ற ஊட்டக் கலவை, 20 தட்டுகளுக்கு: டிரிப்டோன் 4 கிராம், ஈஸ்ட் சாறு 2 கிராம், சோடியம் குளோரைடு 4 கிராம், அகர் 6 கிராம், தண்ணீர் 400 மி.லி. நம் பக்கத்து போர் தண்ணீர் கரிக்கும். வாலை வடித்த நீரே வேண்டும். வாலிநோக்கத்து உப்பு குழம்புக்கு அருமை, இதற்கு ஆய்வகத் தர உப்பு. 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்து, பாட்டிலைக் கையில் பிடிக்க முடிகிற சூட்டுக்கு, சுமார் 50 டிகிரிக்கு வந்ததும் பிளாஸ்மிட் ஏறாத செல்களை வளரவிடாத ஆன்டிபயாட்டிக்கான குளோராம்ஃபெனிகால் (மி.லி.க்கு 25 மி.கி. கரைசல்) 0.4 மி.லி. கலந்து ஊற்றுங்கள்.

காம்பிடென்ட் செல் (வெளி டிஎன்ஏவை ஏற்கும்படி பக்குவப்படுத்திய ஈ.கோலை) 50 மைக்ரோலிட்டர், பிளாஸ்மிட் 1 மைக்ரோலிட்டர், ஐஸில் 30 நிமிடம். துறைமுகத்து ஐஸ் பாரை உடைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கினால் குழாயைச் சுற்றிலும் குளிர் பிடிக்கும். மீன் பெட்டியில் கிடந்த உப்பு ஐஸ் ஆகாது; பூஜ்ஜியத்துக்குக் கீழே போய் செல்கள் உறைந்துவிடும். பிறகு 42 டிகிரியில் 45 விநாடி, மறுபடி ஐஸில் 2 நிமிடம், அகர் சேர்க்காத எல்பி திரவம் 450 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். அதில் 100 மைக்ரோலிட்டரைத் தட்டில் பரப்பி, இரவு முழுக்க 37 டிகிரியிலேயே வையுங்கள். இரவில் கரண்ட் போனால் வளர்ச்சி தாமதமாகும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை கிரீம் நிறப் புள்ளிகள்தான் தெரியும். தோற்றுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். புரதத்துக்குள் மூன்று அமினோ அமிலங்கள் தாமே பின்னிக்கொண்டு நிறக்கூறாக முதிர வேண்டும். அதற்கு ஆக்சிஜனும் நேரமும் தேவை. இரண்டாம் நாள் நீலம் ஏறும். திரவத்தில் வளர்க்கும்போது 250 மி.லி. குடுவையில் 50 மி.லி.க்கு மேல் நிரப்பாமல் நன்றாகக் குலுக்குங்கள். வாய்வரை நிரப்பிய குழாயில் செல் பெருகும், நிறம் வராது. நன்றாக வளர்ந்ததில் 1.5 மி.லி. எடுத்து மையவிலக்குக் கருவியில் நிமிடத்துக்கு 8000 சுற்றில் 2 நிமிடம் சுழற்றினால் அடியில் சொட்டு நீலம் உறைந்தது போல ஒரு கட்டி நிற்கும்.

பலர் சறுக்குவது இதற்கப்புறம்தான். இவ்வளவு புரதம் செய்வது செல்லுக்குச் சுமை. திடீர் மாற்றத்தால் சுமையை உதறிய வெள்ளைச் செல் வேகமாகப் பெருகி, நாலைந்து மறுவளர்ப்பில் நீலத்தை ஓரங்கட்டிவிடும். தட்டில் பெரிய, பளிச்சென்ற காலனியை (பாக்டீரியாப் புள்ளியை) எடுக்கத்தான் கை போகும். சின்னதாக, நீலம் அடர்ந்து நிற்பதை எடுங்கள். நிறம் வந்த அன்றே 20 சதவீதக் கிளிசராலில் உறையவைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

தட்டுகளைக் கழுவும் முன் 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். ப்ளீச் ஊற்றிய கழிவை மட்டும் அதில் வைக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.