மார்லீன் டீட்ரிக் எந்த வருஷம் பிறந்தார்? ஜெர்மன் நடிகர்களின் வாழ்க்கைத் தகவலைச் சரிபார்ப்பது எப்படி

பழைய சினிமாக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். ஜெர்மன் நடிகை மார்லீன் டீட்ரிக் 1904-இல் பிறந்தார் என்று ஓரிடத்தில் இருக்கும், 1901 என்று இன்னோரிடத்தில் இருக்கும். இயற்பெயர் ஃபான் லோஷ் என்று ஒருவர் எழுதியிருப்பார், டீட்ரிக்தான் என்று இன்னொருவர். எது சரி என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளராக இருக்கத் தேவையில்லை, ஜெர்மன் மொழி தெரிந்திருக்கவும் வேண்டாம். அவரையே உதாரணமாக வைத்து முதலிலிருந்து சொல்கிறேன்.

முதல் படி, வாக்கியத்தை உடைப்பது. "1904-இல் பெர்லினில் ஒரே மகளாகப் பிறந்த மரியா ஃபான் லோஷ்" என்று ஒரு வரி கிடைத்தால் அது ஒரு தகவல் இல்லை, நான்கு. ஆண்டு, ஊர், உடன்பிறந்தவர், பெயர். நான்கையும் ஒரு தாளில் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதை முதலில் சொன்னது யார்?" என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று சரியாக இருப்பதால் மற்றது சரியாகிவிடாது.

அடுத்து, ஜெர்மன் எழுத்துக்கூட்டலிலேயே தேடுங்கள். மேலே இரண்டு புள்ளி வைத்த எழுத்து வந்தால், புள்ளியோடு ஒருமுறையும், புள்ளிக்குப் பதிலாக பக்கத்தில் ஒரு ஆங்கில 'ஈ' (e) எழுத்து சேர்த்து ஒருமுறையும் தேட வேண்டும், இல்லாவிட்டால் பாதி ஆவணம் கண்ணில் படாமலே போகும். ஜெர்மன் குறிப்புகளில் தேதிக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் பிறப்பு, சிலுவைக் குறி இருந்தால் இறப்பு. ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால் "கெப்." (geb.) என்ற சுருக்கம் வந்தால் அதற்கடுத்து வருவது கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர். இவ்வளவு தெரிந்தால் போதும், மொழிபெயர்ப்புச் செயலியே இல்லாமல் பாதி தூரம் போய்விடலாம்.

சரி, எங்கே பார்ப்பது? ஜெர்மன் விக்கிப்பீடியாவில் தொடங்கலாம், ஆனால் அடிக்குறிப்புகளுக்காக மட்டும். படங்களின் பட்டியலுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள திரைப்பட அருங்காட்சியகம் நடத்தும் ஃபிலிம்போர்ட்டல் தளம் நல்லது. 1930-இல் வந்த 'நீல தேவதை'தான் மார்லீனின் முதல் படம் என்று இன்னும் எழுதுகிறவர்கள் உண்டு, அங்கே போய்ப் பார்த்தால் 1920-களில் அவர் நடித்த ஊமைப்படங்கள் வரிசையாக வந்து நிற்கும். பெர்லினில் உள்ள டாய்ச்ச கினமாடெக் என்ற திரைப்படக் காப்பகத்தில் அவர் விட்டுச்சென்ற கடிதங்கள், உடைகள், புகைப்படங்கள் எல்லாம் இருக்கின்றன. பத்துத் தளம் ஒரே ஆண்டைச் சொன்னால் அதைப் பத்துச் சாட்சியாக எண்ணாதீர்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால் அது ஒரே சாட்சிதான்.

எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்த இடம் அடுத்தது, பிறப்புப் பதிவேடு. ஜெர்மனி முழுக்க 1876 தொடக்கத்திலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசுப் பதிவு அலுவலகங்கள்தான் எழுதிவருகின்றன. பிறப்புப் பதிவு 110 ஆண்டும், திருமணப் பதிவு 80 ஆண்டும், இறப்புப் பதிவு 30 ஆண்டும் அலுவலகத்திலேயே இருக்கும், அப்புறம் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், பிறகு உறவினர் அல்லாதவர்களும் கேட்டுப் பார்க்கலாம். அந்தக் காலப் படிவத்தில் தேதியை எண்ணில் எழுத மாட்டார்கள், நாளையும் ஆண்டையும் எழுத்தால் நீட்டி எழுதியிருப்பார்கள். கையெழுத்து பழைய பாணி, நமக்குப் படிக்கக் கஷ்டம்தான், ஆனால் ஒன்றை நான்கு என்று தப்பாக வாசிக்கிற வாய்ப்பு அதில் மிகக் குறைவு. மார்லீன் பிறந்தது 1901 டிசம்பர் 27. 1904 என்பது அவரைச் சில வயது இளையவராகக் காட்டிய கணக்கு. 1923 மே மாதம் ருடால்ஃப் சீபரோடு நடந்த திருமணத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 1904-உம் பொருந்தத்தான் செய்யும், 18 வயதில் கல்யாணம் என்று வரும். அதனால்தான் பொருந்துகிறது என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது.

ஊர் விஷயத்திலும் கவனம் வேண்டும். அவர் பிறந்த ஷோனபெர்க் அன்று தனி நகரம், பெர்லினோடு சேர்ந்தது 1920 அக்டோபரில்தான். பிறந்த வீட்டு முகவரி சேடான் தெரு 53. இன்றைய வரைபடத்தில் அந்தப் பெயரைத் தேடினால் அந்த வீடு கிடைக்காது, ஏனென்றால் அது இப்போது லேபர் தெரு 65. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து 1945 ஜனவரியில் தூக்கிலிடப்பட்ட யூலியுஸ் லேபரின் பெயரைத் தெருவுக்கு வைத்துவிட்டார்கள், கதவு எண்ணும் மாறிவிட்டது. இரண்டு முகவரியும் சரி, எந்தக் காலத்து முகவரி என்பதை மட்டும் சேர்த்து எழுத வேண்டும்.

பெயர்க் குழப்பம் சீக்கிரம் தீரும். தந்தை இறந்த பிறகு தாய் எட்வார்ட் ஃபான் லோஷ் என்ற ராணுவ அதிகாரியை மறுமணம் செய்தார், அவர் பெண்களைத் தத்தெடுக்கவில்லை, ஆக மார்லீன் ஒருநாளும் ஃபான் லோஷ் ஆகவில்லை. பெண்கள் என்றேனே, ஆமாம், எலிசபெத் என்று ஒரு அக்கா இருந்தார். போர்க்காலத்தில் அந்த அக்காவும் அவர் கணவரும் பெர்கன்-பெல்சன் என்ற நாஜி வதை முகாம் பக்கத்தில் ராணுவத்தினருக்கான திரையரங்கை நடத்திவந்தார்கள். நாஜிகளை அவ்வளவு உறுதியாக எதிர்த்த மார்லீன் அதற்குப் பிறகு அக்காவைப் பற்றி வெளியில் பேசுவதையே விட்டுவிட்டார், தன்வரலாற்றிலும் ஒரே பிள்ளை போலவே எழுதினார். எவ்வளவு வலி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். தகவலுக்கு வந்தால், தன்வரலாறு ஒருவர் எதைச் சொல்ல விரும்பினார் என்பதற்குச் சாட்சி, பிறந்த தேதிக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பதிவேடுதான் சாட்சி.

கடைசியாக வயது. ஆண்டிலிருந்து ஆண்டைக் கழித்துவிட்டு எழுதாதீர்கள், டிசம்பர் கடைசியில் பிறந்தவருக்கு அது அநேகமாக எப்போதும் ஒன்று கூடிவிடும். 'நீல தேவதை' பெர்லினில் 1930 ஏப்ரல் 1-இல் வெளியானபோது அவருக்கு 28, பாரிஸில் 1992 மே 6-இல் இறந்தபோது 90.

இப்போது அந்த முதல் வரியைத் திருத்தி எழுதலாம்: "மார்லீன் டீட்ரிக், இன்று பெர்லினின் பகுதியாக உள்ள ஷோனபெர்க்கில், 1901 டிசம்பர் 27 அன்று, டீட்ரிக் குடும்பத்தின் இரண்டாவது மகளாகப் பிறந்தார்."